கரடிக்குப் போன குரல்

குணவதி டீச்சரின் குரல் கரடிக்குப் போன வருஷம் ஆடிக்காற்று வழக்கத்தைவிட பலமாகத்தான் அடித்தது, கடைத்தெருவில் தகரம் பறந்தது, கயிற்றில் போட்ட சேலை அடுத்த தெருவில் போய்க் கிடந்தது, மலையடிவாரத்து மிருகக்காட்சி சாலையில் மயில்கள் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு நின்றன, ஆனால் குரல் போனதற்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லிவிட்டதால் நாங்கள் யாரும் காற்றைக் குறை சொல்லவில்லை.

எங்கள் நெடுங்கானூர் மிருகக்காட்சி சாலை ஒன்றும் பெரியதில்லை. ஒரு கரடி, ஒரு கிழட்டுச் சிறுத்தை, மான் கூட்டம், குரங்குகள், முதலைக் குட்டை, பறவைக் கூண்டுகள், நடுவில் ஒரு கூட்ட அரங்கம், அவ்வளவுதான். அந்த வருஷம் ஆசிரியர்களுக்கான பயிற்சியை அங்கே வைத்தார்கள். மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சார்ட் பேப்பரில் எழுதி எழுதி ஒன்றும் வரவில்லை, மிருகங்களுக்கு முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தால் ஒரு உயிரைப் பொறுமையாகக் கவனிப்பது எப்படி என்று ஆசிரியர்கள் கற்றுக்கொள்வார்கள், அப்புறம் பிள்ளைகளையும் அப்படிக் கவனிப்பார்கள் என்று மேலே யாருக்கோ நல்ல புத்தி தோன்றியிருக்கிறது. எங்கள் மகளிர் குழுவுக்கு மத்தியானச் சமையல் கிடைத்தது. அம்மன் பேரைச் சொல்லி அரங்கத்துக்குப் பின்னால் அடுப்பைக் கூட்டினோம், சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கும் அப்பளமும், நாலு மணிக்குச் சுண்டலும் டீயும் என்று பேச்சு.

நான் சொல்லப்போவது கரடியைப் பற்றியில்லை, ஒரு பெண்பிள்ளையைப் பற்றி. அதனால் எங்களுக்கெல்லாம் பின்னால் தெரிந்ததை உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். பயிற்சிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், ஒன்பதாம் வகுப்பு நிரஞ்சனா டீச்சரைத் தனியாகப் பிடித்து, அப்பா எனக்குக் கல்யாணம் பேசுகிறார், மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது, அப்பாவும் உங்களிடம் படித்தவர்தான், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார் என்று அழுதாள். டீச்சர் அவளுக்குப் புத்தி சொன்னார். பெரியவர்கள் எல்லாரும் சொல்கிற புத்திதான். ஆடி முடியட்டும், பயிற்சிக்குப் போய்விட்டு வந்து பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார். ஆடியில் நல்ல காரியம் நடக்காது என்பதால் டீச்சருக்கு நாள் இருக்கிறதென்று தோன்றியிருக்கும். ஆவணி பிறந்தால் முதல் முகூர்த்தம் என்று பெண்ணின் அப்பா பால்ச்சாமி அதே வாரத்தில் நாள் குறித்துவிட்டார். நிரஞ்சனா பள்ளிக்கூடத்துக்கு வருவது நின்றது.

குணவதி டீச்சர் கணக்கு டீச்சர். ஓய்வு பெற இன்னும் கொஞ்சக் காலம்தான் பாக்கி. என் பிள்ளைகள் இரண்டும், எங்கள் தெருவில் பாதிப் பேரும் அவரிடம்தான் படித்தோம் என்று சொல்லிக்கொள்வார்கள். அவர் எதையும் முழுசாகச் சொல்லமாட்டார். எல்லா டீச்சருக்கும் இருக்கிற பழக்கம்தான் என்றாலும் அவருக்குக் கொஞ்சம் அதிகம். வாக்கியத்தின் வாலைப் பிள்ளைகளுக்கென்று மிச்சம் வைத்துவிட்டு, புருவத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பார். மூவேழு இருபத் என்று நிறுத்துவார், தொண்ணு என்று ஒரு வகுப்பே கத்தும். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் நூற்றி எண் என்று நிறுத்துவார், பது என்று ஓடு அதிரும். அவரிடம் படித்தவர்களுக்கு வயசு எவ்வளவு ஆனாலும் பாதி வாக்கியம் காதில் விழுந்தால் மீதி தானாக வாயில் வந்துவிடும், கொட்டாவி மாதிரி.

பயிற்சியின் முதல் நாள், பயிற்சி நடத்தக் கருத்தாளராக வந்திருந்த எழிலரசன் என்கிற தம்பி, ஆளுக்கொரு கூண்டைப் பிரித்துக் கொடுத்து, சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் எதிரே இருக்கிற உயிரைப் பாருங்கள், அது மட்டும்தான் செயல்பாடு, எழுதக்கூட வேண்டாம் என்றார். ஆசிரியர்களால் முடியவில்லை. பேசியே பழகிய வாய் எப்படிச் சும்மா இருக்கும். மான்களுக்கு முன்னால் இருந்த இரண்டு டீச்சர்மார் பொதுமாறுதல் கலந்தாய்வைப் பற்றிக் கிசுகிசுத்தார்கள், முதலைக் குட்டைக்கு முன்னால் உட்கார்ந்த சார் முதலையையே பார்த்து வாய் திறந்து தூங்கினார், குரங்குகளுக்கு முன்னால் இருந்த பி.டி. சார் குரங்குகளை வரிசையில் நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். குணவதி டீச்சர் ஒருவர்தான் கரடிப் பள்ளத்துக்கு முன்னால் கல் பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அது செயல்பாட்டுக்காக இல்லை. மனசில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

எழிலரசன் விசில் ஊதினார். எல்லாரும் கரடிப் பள்ளத்துக்குப் பக்கத்தில் வட்டமாகக் கூடினார்கள். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் டீச்சர் என்று கேட்டதும் குணவதி டீச்சர் எழுந்து வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. பள்ளத்துக்குள்ளிருந்து, டீச்சரின் அதே கட்டைக் குரலில், கரடி சொன்னது.

"எல்லாரும் உட்காருங்க."

அத்தனை ஆசிரியர்களும் தரையில் உட்கார்ந்தார்கள். எழிலரசனும் உட்கார்ந்தார். பள்ளத்தின் விளிம்பைக் கழுவிக்கொண்டிருந்த காப்பாளர் இருளப்பன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். கரண்டியோடு வந்த நாங்களும், சாதம் குழைந்துவிடுமே என்ற கவலையோடு, உட்கார்ந்தோம். கரடி பின்னங்காலில் நிமிர்ந்து நின்று தசமப் புள்ளியைப் பற்றிச் சாப்பாட்டு மணி தாண்டுகிற வரைக்கும் பாடம் நடத்தியது. கேட்ட இடத்திலெல்லாம் நாங்கள் வாக்கியத்தை முடித்துக் கொடுத்தோம். கடைசியில் புரிஞ்சுதா என்று கேட்டது. புரிஞ்சுது டீச்சர் என்றோம்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா டீச்சரின் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். மிருக டாக்டர் கரடியின் தொண்டையைப் பார்த்துவிட்டு அதுவும் சுத்தமாக இருக்கிறது என்றார். அதற்குமேல் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் அடுத்து ஆகவேண்டியதைப் பார்த்தோம். டீச்சருக்கு மருத்துவ விடுப்பு கொடுப்பதா, குரல் மட்டும் வேலைக்கு வந்துகொண்டிருப்பதால் பணி நாளாகக் கருதுவதா என்று அலுவலகத்தில் பேசிப் பேசி, பயிற்சியை நீட்டித்துவிட்டால் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று கண்டுபிடித்தார்கள். ஆடி முழுக்க பயிற்சி நடந்தது. எங்கள் அடுப்பும் எரிந்தது. அன்றாடம் பத்து மணிக்கு டீச்சர் வருவார், கல் பெஞ்சில் உட்காருவார், பள்ளத்தில் தன் குரல் வகுப்பெடுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார், பாலர் வகுப்பில் விட்ட பிள்ளையை ஜன்னல் வழியாகப் பார்க்கிற தாய் மாதிரி.

முதலில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். அப்புறம் டியூஷனுக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள். பிறகு நுழைவாயிலில் ஐஸ் விற்கிறவர், பலூன்காரர், மினி பஸ் டிரைவர், ஏழாவதோடு நின்று போன பொம்பளைகள் எல்லாரும் வந்தார்கள். பலூன்காரர் வகுத்தல் கணக்கில் ஒரு வாக்கியத்தைச் சரியாக முடித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் சரியாகச் சொன்னதில்லை என்று தலைப்பாகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தப்பாக முடித்தால் கரடி முட்டி போடச் சொல்லும். கவுன்சிலர் ஒருநாள் ஏழெட்டு ஐம்பத்தெட்டு என்று சொல்லிவிட்டு வெள்ளை வேட்டியோடு கம்பியைப் பிடித்து முட்டி போட்டார், அவர் சம்சாரம் பக்கத்தில் நின்று, இன்னும் நேரா நிமிருங்க, முதுகு வளையுது என்று திருத்தினார். டீச்சரின் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சாயங்காலமானால் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, வீட்டில் சத்தமே இல்லாமல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து பின்னங்களைக் கேட்டுவிட்டுப் போவார்.

நல்லது எங்கே இருந்தாலும் எங்கள் ஊர் அதைக் கும்பிட்டுத்தான் வைக்கும். பரீட்சை எழுதப் போகிறவர்கள் பேனாவைக் கொண்டுவந்து கம்பியில் தொட்டுக்கொண்டு போனார்கள். பெயர் வைக்காத பிள்ளையைத் தூக்கி வந்து காட்டினார்கள். ஆடி முடியப் போகிற சமயத்தில், கல்யாண வீட்டுக்காரர்கள் முதல் பத்திரிகையை அம்மனுக்கு வைத்த கையோடு இரண்டாவதைக் கரடிக்கு வைப்பதென்று ஆகிவிட்டது. வெற்றிலை பாக்கு, தேங்காய், கொஞ்சம் தேன். இருளப்பன் தட்டை வாங்கிப் பள்ளத்தின் திட்டில் வைப்பார். கரடி தேனை நக்கிவிட்டு மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்து, சேர்ந்து உட்காருங்க, ஆனா பேசக் கூ என்று நிறுத்தும், டாது என்று நாங்கள் கத்துவோம், பெண் வெட்கப்படுவாள், அதுதான் ஆசீர்வாதம். டீச்சர் வாழ்த்துகிற மாதிரி ஆயிற்று என்று ஜனங்களுக்குத் திருப்தி.

இதற்கு நடுவில் டீச்சர் பால்ச்சாமி வீட்டுக்கு இரண்டு மூன்று தடவை போனார். வாசலில் நின்றார். உட்காருங்க டீச்சர் என்று நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, குரல் போனதை நினைத்து அவர்கள்தான் வருத்தப்பட்டார்கள். எழுதிக் காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதினார், பையிலேயே வைத்துக் கிழித்தார். குரல் இருந்தபோது சொல்லாததைக் குரல் போன பிறகு எந்த முகத்தோடு சொல்வது என்றிருக்கும். உள்ளே அடுப்படி இருட்டில் நிரஞ்சனா நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். டீச்சர் காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துவிடுவார்.

ஆவணி பிறந்தது. காற்று நின்றது. அன்றைக்கு நல்ல கூட்டம், பயிற்சியிலும் அன்றுதான் நிறைவு விழா, ஆசிரியர்கள் பட்டுச் சேலையிலும் சலவை வேட்டியிலும் வந்திருந்தார்கள், நாங்கள் கேசரி கிளறிக்கொண்டிருந்தோம். பதினோரு மணி வாக்கில் பால்ச்சாமியின் லோடு ஆட்டோ வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கினார், அவர் அக்காள் இறங்கினாள், பின்னால் நிரஞ்சனா இறங்கினாள். கத்தரிப்பூ நிறத்தில் பட்டுச் சேலை, அதற்குள் அவள் எங்கே இருக்கிறாள் என்று தேடவேண்டும். தாய் இல்லாத பெண், அத்தைதான் தலை பின்னி விட்டிருக்கிறாள், பூவின் கனத்தில் கழுத்து பின்னால் இழுத்தது.

எங்களில் யாருக்கு அவள் வயசு தெரியாது. எல்லாருக்கும் தெரியும். அவள் பிறந்தபோது நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைத்தவள் எங்கள் குழுவில்தான் இருக்கிறாள். தெரிந்துதான் நாங்கள் விலகி வழி விட்டோம். மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் கிடையாதாம் என்று ஒருத்தி சொன்னாள். ஆளானதிலிருந்து அந்தப் பிள்ளைக்கு யார் காவல், நல்லதுதான் என்று இன்னொருத்தி சொன்னாள். சேலைக்கு ஏற்ற ஜாக்கெட் இல்லை என்று நான்தான் சொன்னேன். ஆசிரியர்கள் பெஞ்சை விட்டு எழுந்து இடம் கொடுத்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அவளுக்குப் பாடம் எடுக்கிறவர்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஒருவர் மான்களைப் பார்த்தார்.

பால்ச்சாமி பத்திரிகை வைத்த தட்டை இருளப்பனிடம் கொடுத்தார். குணவதி டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டார். மகளைக் கம்பிக்குப் பக்கத்தில் தள்ளி நிறுத்தி, டீச்சர்கிட்ட ஆசீர்வாதம் வாங்கிக்க என்றார். அவள் பெஞ்சில் இருந்த டீச்சரைப் பார்க்கவில்லை, பள்ளத்தில் இருந்த கரடியைப் பார்த்தாள்.

கரடி தேனைத் தொடவில்லை. எழுந்து நின்றது. மூக்கைத் தூக்கி அவளை மோந்தது. அப்புறம், வகுப்பில் பேசுகிற குரலில் இல்லை, பிள்ளையைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசுகிற தணிந்த குரலில், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சொன்னது.

"அழாத. மூக்கைத் தொடை."

நாங்கள் சிரித்தோம். அவள் அழவில்லையே.

"அப்பா எது செஞ்சாலும் உன்னோட நல்ல..."

"துக்கு!" என்றோம்.

"பெரியவங்க முடிவு பண்ணினா மறுத்துப் பேசக் கூ..."

"டாது!"

பால்ச்சாமி குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. அவரும் டீச்சரிடம் படித்தவர் அல்லவா, சந்தோஷமாக, பல்லெல்லாம் தெரிய, வகுப்பில் முதல் ஆளாகச் சொல்லும் பையன் மாதிரி சொன்னார். எனக்கும் வாய் நிறைய வந்தது. பலூன்காரர் சொன்னார், கவுன்சிலர் சொன்னார், அத்தனை டீச்சர்களும் சொன்னார்கள், மரத்தில் இருந்த குரங்குகள் மிரண்டு ஒரு கிளை தள்ளிப் போய் உட்கார்ந்தன.

"ஒம்பதாவதோட நின்னவங்கல்லாம் வாழாமலா போயிட்..."

"டாங்க!"

"அதுக்காகச் செத்துப் போயிருவேன்னு டீச்சர்கிட்டயே சொல்லக் கூ..."

"டாது!"

சொல்லிவிட்டோம். அதுதான் நான் இன்றைக்கும் கையைப் பிசைகிற இடம். காது கேட்பதற்கு முன்னால் வாய் முடித்துவிட்டது. கடைசி எழுத்து காற்றில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் என்ன வாக்கியம் அது என்று மண்டையில் விழுந்தது, அப்போது அதைத் திருப்பி இழுக்க முடியவில்லை, அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, கத்தரிப்பூ சேலைக்குள் எங்கேயோ இருந்த அந்தப் பிள்ளையின் முகத்தில் பட்டது. அவள் கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான். 

டீச்சர் பெஞ்சிலிருந்து எழுந்திருந்தார். இரண்டு கையாலும் தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார், கரடி வாயை அங்கிருந்தே பொத்திவிடலாம் என்பது போல. சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் ஒரு பிள்ளையிடம் தனியாகச் சொன்னதை ஒரு ஊரே சேர்ந்து சொன்னால் அது எப்படி இருக்கும் என்று அவர் அன்றுதான் கேட்டார். நாங்களும் அன்றுதான் கேட்டோம், எங்கள் வாயாலேயே.

கரடி நிறுத்தவில்லை.

"நிரஞ்சனா. உனக்கு என்ன வே..."

நிறுத்திவிட்டுப் பார்த்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. இதற்குமேல் ஒரு எழுத்தைக்கூட முடித்துக் கொடுப்பதில்லை என்று ஒவ்வொருத்தரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். கரடிக்கு அவசரமில்லை. கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் வரட்டும் என்று காத்திருக்கிற டீச்சரின் பொறுமை அந்தக் குரலோடு சேர்ந்து அதற்குப் போயிருந்தது. வெயில் பள்ளத்தின் சுவரிலிருந்து இறங்கியது. கேசரி அடிப்பிடித்து வாசம் வந்தது, ஒருத்தியும் நகரவில்லை. அந்த அரை வார்த்தை எங்கள் எல்லார் நெஞ்சிலும் முள் மாதிரி நின்றது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. முதலில் முன்வரிசையில் இருந்த பொடிசுகளுக்குத்தான் தாங்கவில்லை, மெதுவாக, ணும் என்றன. அப்புறம் ஐஸ்காரர். அப்புறம் டீச்சர்கள். அப்புறம் நாங்கள் எல்லாரும், கத்தாமல், கோயிலில் கடைசியாகக் கும்பிடுகிறபோது முனகுகிற மாதிரி, முடித்துக் கொடுத்தோம்.

"...ணும்?"

உனக்கு என்ன வேணும். அந்தக் கேள்வியை டீச்சர் அந்த வெள்ளிக்கிழமை கேட்கவில்லை. கேட்க வந்து தொண்டையில் நின்றுபோன கேள்வி அது என்று பின்னால் சிலேட்டில் எழுதிக் காட்டினார். பால்ச்சாமி கேட்கவில்லை, அத்தை கேட்கவில்லை, சேனை வைத்தவள் கேட்கவில்லை, ஜாக்கெட்டைப் பார்த்த நான் கேட்கவில்லை. இப்போது ஊரே சேர்ந்து கேட்டுவிட்டது.

நிரஞ்சனா கையைக் கட்டிக்கொண்டாள், வகுப்பில் பதில் சொல்ல எழுந்தால் கட்டுகிற மாதிரி. கரடியைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்குக் கல்யாணம் வேணாம் டீச்சர்."

பால்ச்சாமி அதைக் கேட்டு அவள் பக்கம் திரும்பவில்லை, குணவதி டீச்சர் பக்கம் திரும்பினார். அவருக்குக் கோபம் என்று நினைத்தேன், ஆனால் முகத்தில் இருந்தது வேறு. திருவிழாவில் கை விட்டுப்போன பிள்ளையின் முகம் அது.

"டீச்சர், நீங்க சரின்னு சொல்லித்தானே நான் நாள் குறிச்சேன்" என்றார். "டீச்சர் என்ன சொன்னாங்கன்னு இவகிட்டக் கேட்டேன். பெரியவங்க சொன்னா சரிதான்னாங்கன்னு சொன்னா. அப்புறம்தான் தேதி வச்சேன்."



பால்ச்சாமி எங்கள் பக்கம் திரும்பினார். "நான் வண்டியை எடுத்துட்டுப் போனா நாள்கணக்கா வரமாட்டேன். இவ தனியாக் கெடக்கா. ராத்திரி கதவைச் சாத்திக்கிட்டு லைட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. உங்க யாருக்காவது தெரியுமா? யாராவது ஒருத்தர் வந்து, நான் பாத்துக்கறேன் நீ போயிட்டு வான்னு சொன்னீங்களா?"

அவர் பாதி வாக்கியமாக நிறுத்தவில்லை, முழுசாகத்தான் கேட்டார்.  எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி அந்த வீடு. அந்த லைட் எரிவதை நான் பார்த்திருக்கிறேன். கரண்ட் பில் நிறைய வருமே என்று நினைத்திருக்கிறேன்.

அத்தை வந்து நிரஞ்சனாவின் கையைப் பிடித்து, வா போகலாம், சனங்க முன்னால மானம் போகுது என்று இழுத்தாள். அப்போதுதான் குணவதி டீச்சர் நடந்து வந்து அவளுடைய இன்னொரு கையைப் பிடித்தார். பால்ச்சாமி, கையை விடுங்க டீச்சர் என்றார், மரியாதையாகத்தான். டீச்சர் தலையை ஆட்டினார், விடமாட்டேன் என்று. மற்றொரு கையால் பையிலிருந்து போனை எடுத்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும், பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் கூப்பிட வேண்டிய நம்பர் நீல பெயிண்டில் எழுதியிருக்கிறது, கரும்பலகைக்குப் பக்கத்திலேயே, அந்தச் சுவருக்கு முன்னால்தான் டீச்சர் அத்தனை வருஷமாக நின்றிருக்கிறார். அந்த நம்பரைப் போட்டார். மணி அடித்தது. ஒரு பெண் வணக்கம் சொன்னாள். டீச்சர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. சத்தமாகக் கேட்கிற பட்டனை அமுக்கியிருந்ததால் எங்களுக்கும் கேட்டது, சொல்லுங்க, யாரு பேசறீங்க, பயப்படாம சொல்லுங்க என்று அந்தப் பெண் இரண்டாம் தடவை கேட்டாள்.

டீச்சர் கரடியைப் பார்த்தார். கரடி இறங்கி நாலு காலில் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, குகைக்குள் போய்விட்டது.

எங்களில் ஒருவர் அந்தப் போனை வாங்கியிருக்கலாம். எல்லாருக்கும் நல்ல குரல் இருந்தது, ஆடி முழுக்க கத்திக் கத்திப் பழகிய குரல். ஆசிரியர்கள் இருந்தார்கள், கவுன்சிலர் இருந்தார், எழிலரசன் மைக்கோடு நின்றார். ஒருவர் கை கூட நீளவில்லை. டீச்சர் ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்துவிட்டு, போனை நிரஞ்சனாவிடம் கொடுத்தார்.

மனசு பதறிக்கொண்டே கேட்க வேண்டாம், நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதிகாரிகள் சாயங்காலத்துக்குள் வந்தார்கள். அந்த முகூர்த்தத்தில் எங்கள் ஊரில் மேளம் கேட்கவில்லை. நிரஞ்சனா இப்போது பத்தாவது படிக்கிறாள், பால்ச்சாமி வண்டிக்குப் போகிற நாட்களில் டீச்சர் வீட்டில்தான் படுத்துக்கொள்கிறாள். கரடி அன்றைக்கப்புறம் பேசவில்லை, டீச்சரும் பேசவில்லை, அந்தக் குரல் எங்கே போனதென்று தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் எங்கள் ஊர் ஏற்றுக்கொண்டது. கரடி பேசியதை ஏற்றுக்கொண்டது, பேச்சை நிறுத்தியதை ஏற்றுக்கொண்டது, கல்யாணம் நின்றதையும் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொள்ள முடியாமல் நான் விளக்கேற்றும்போதெல்லாம் அம்மனிடம் கொண்டுபோய் வைப்பது, அந்தப் போனில் கேட்ட ஒரு கேள்வியையும் அதற்கு அந்தப் பிள்ளை சொன்ன பதிலையும்தான்.

போனில் இருந்த பெண் பேரைக் கேட்டாள், நிரஞ்சனா சொன்னாள். வகுப்பு கேட்டாள், சொன்னாள். வயசு கேட்டபோது எங்களில் சிலர் தரையைப் பார்த்தோம், அதையும் சொன்னாள். கல்யாணம் என்றைக்கு என்று சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

"சரிம்மா. இப்ப நீ எங்க இருக்க? உன்கூட யாரெல்லாம் இருக்காங்க?"

நிரஞ்சனா தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள். பலூன்காரரைப் பார்த்தாள், கவுன்சிலரைப் பார்த்தாள், தனக்குப் பாடமெடுத்த இரண்டு டீச்சர்களைப் பார்த்தாள், கரண்டியோடு நின்ற எங்களை வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், தன்னை முதன்முதலில் கையில் ஏந்திச் சேனை வைத்தவளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அங்கே கண் கொஞ்ச நேரம் நின்றது. பள்ளத்தைச் சுற்றி நிற்க இடமில்லாமல் அத்தனை ஜனம்.

"டீச்சர் இருக்காங்க" என்றாள். "ஒரு கரடி இருக்கு."

சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து அந்தப் பெண் மறுபடியும் கேட்டாள். வேற யாரும்மா, பெரியவங்க யாராவது?

அவள் மறுபடியும் எங்களையெல்லாம் பார்த்துவிட்டு, அதையே சொன்னாள்.